அலைச்சறுக்குப் பலகையின் துடுப்பமைப்பு

அலைச்சறுக்குப் பலகையின் அடிப்புறத்தில், பின்முனைக்கு அருகே கீழ்நோக்கிப் பொருத்தப்படும் தகடு துடுப்பு ஆகும். சறுக்குநர்கள் இதை ‘ஃபின்’ என்பர். மீனின் துடுப்பை ஒத்த இது, படகு வலிக்கும் துடுப்பிலிருந்து வேறானது. பலகை பக்கவாட்டில் வழுக்காமல் தடுப்பதும் திரும்புவதற்குப் பிடிமானம் தருவதும் இதன் பணிகள். துடுப்புகளின் எண்ணிக்கை, இடம், வடிவம் ஆகியவை மாறினால் ஒரே பலகையின் இயல்பும் மாறிவிடும்.

செயல்படும் முறை

துடுப்பு நீருக்குள் ஓடும் சிறகு போன்றது. பலகை நேராகச் செல்லும்போது நீர் அதன் இருபுறமும் ஏறத்தாழச் சமமாகப் பாய்கிறது. சறுக்குநர் ஒரு விளிம்பில் எடையை அழுத்தினால் நீர் துடுப்பைச் சாய்கோணத்தில் சந்திக்கிறது. ஒரு பக்கம் அழுத்தம் கூடி மறுபக்கம் குறைவதால் பக்கவாட்டு விசை பிறக்கிறது. இவ்விசை பின்முனையைப் பிடித்து நிறுத்த, பலகை வளைந்து திரும்புகிறது. கோணம் அளவுமீறினால் நீரோட்டம் துடுப்பின் பரப்பிலிருந்து பிரிந்து, பிடிமானம் அறுந்து, பின்முனை வழுக்கிவிடும்.

வரலாறு

துடுப்பற்ற மரப்பலகைகளில் சென்ற அவாய்த் தீவினர், திரும்புவதற்குக் காலை நீரில் இழுத்தனர். 1935இல் தாம் பிளேக் என்பவர் கைவிடப்பட்ட விசைப்படகொன்றின் அடித்தகட்டைத் தம் பலகையில் பொருத்தினார். ஆத்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்சு இரட்டைத் துடுப்புப் பலகைகளைக் கொண்டு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்றார். அந்நாட்டின் சைமன் ஆண்டர்சன் 1980இல் உருவாக்கிய முத்துடுப்புப் பலகை, 1981இல் பெல்சு கடற்கரைப் போட்டியில் பேரலைகளில் அவருக்கு வெற்றி தந்து உலகெங்கும் பரவியது.

வகைகள்

ஒற்றைத் துடுப்பு: நீண்ட பலகைகளுக்கு ஏற்றது. நிலையாகச் செல்லும்; வளைவுகள் அகலமாகவும் நிதானமாகவும் அமையும்.

இரட்டைத் துடுப்பு: நடுத்துடுப்பு இல்லாததால் வேகமாகவும் இலகுவாகவும் திரும்பும். சிறிய அலைகளில் சிறக்கும். செங்குத்தான பெரிய அலைகளில் பின்முனை எளிதில் வழுக்கும்.

முத்துடுப்பு: பக்கத் துடுப்புகள் உந்துதலையும் நடுத்துடுப்பு கட்டுப்பாட்டையும் தருகின்றன. அலையின் முகட்டை நோக்கி ஏறிச் சட்டெனத் திரும்ப உகந்தது.

நான்கு துடுப்பு: நடுவில் இழுவை குறைவதால் வேகம் மிகும். அலைச் சுவரில் பிடிமானம் நன்றாக இருக்கும். குறுகிய திருப்பங்களில் முத்துடுப்பின் துல்லியம் சற்றுக் குறையும்.

வடிவம்

ஆழமான துடுப்பு பிடிமானத்தைக் கூட்டும். அகன்ற அடிப்பாகம் உந்துதலைத் தரும். பின்னோக்கி மிகச் சாய்ந்த துடுப்பு நீண்ட வளைவுக்கும், நிமிர்ந்த துடுப்பு குறுகிய திருப்பத்துக்கும் ஏற்றவை. பக்கத் துடுப்புகளின் முன்விளிம்பு பலகையின் மூக்கை நோக்கிச் சற்றே உட்புறம் திருப்பப்பட்டிருக்கும். இது திருப்பத்தை விரைவாக்கும். நேரோட்டத்தில் இழுவையைக் கூட்டும்.

கட்டுமரத்துடன் ஒப்பீடு

சோழமண்டலக் கடற்கரை மீனவர்களின் கட்டுமரத்துக்கும் அடித்தகடு கிடையாது. பாய் விரித்துச் செல்லும்போது காற்று பக்கவாட்டில் தள்ளாதிருக்க, மரங்களுக்கிடையே பலகையைச் செருகி நீருக்குள் இறக்குவர். பக்கவாட்டு நழுவலைத் தடுக்கும் அந்தப் பலகையும் துடுப்பும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. கரைசேரும்போது பலகையை உருவி எடுத்துவிடலாம் என்பது மணற்கரைக்கு உகந்த ஏற்பாடு.

தமிழகக் கடற்கரையில்

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கு வேரூன்றியுள்ளது. மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பல இளைஞர்கள் இதில் பயிற்சியாளர்களாகவும் போட்டியாளர்களாகவும் உள்ளனர். 2025 ஆகத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது. கடலூர் தேவனாம்பட்டினத்தைப் போன்ற மணற்கரைகளில் அலை ஆழமற்ற மணல்திட்டில் உடைவதால், நீண்ட துடுப்பு தரையில் மோதி முறியவோ பலகையைச் சட்டென நிறுத்திச் சறுக்குநரைத் தூக்கி எறியவோ கூடும். துடுப்பின் விளிம்பு உடலைக் கிழிக்கவும் வல்லது. எனவே தொடக்கநிலையினருக்கு மென்பரப்புப் பலகையும் வளையக்கூடிய துடுப்புகளுமே பாதுகாப்பானவை. தேர்ச்சி பெற்றவர் அன்றைய அலையைப் பார்த்துத் துடுப்பைத் தேர்வு செய்வார்: தணிந்த அலைக்கு இரட்டை, செங்குத்தாக எழும் அலைக்கு மூன்று அல்லது நான்கு.