விளையாட்டை உருவாக்குவது விளையாட்டன்று

"எதிர்காலத்தில் நீங்கள் என்னவாக விரும்புகிறீர்கள்?" என்று ஒரு நாள் எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி கேட்டார்கள். மருத்துவர், ஆசிரியை, வங்கி அலுவலர் என்று வரிசையாகப் பதில்கள் வந்தன. ஒரு தோழி மட்டும், "வீடியோ விளையாட்டு வடிவமைப்பாளர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். சகோதரி மட்டும் சிரிக்கவில்லை. "தெரியாததைக் கண்டு சிரிக்காதீர்கள், தெரிந்துகொண்டு எழுதுங்கள்" என்றார்கள். அதன் பயனே இக்கட்டுரை.

வடிவமைப்பாளரின் வேலை என்ன? பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். குழிகள் எத்தனை, கையிலுள்ள முத்துகள் தீர்ந்தால் என்ன செய்வது, வெற்றி யாருக்கு என்பவற்றையெல்லாம் என்றோ யாரோ சிந்தித்து வகுத்திருக்க வேண்டும் அல்லவா? கணிப்பொறித் திரையில் நடக்கும் விளையாட்டுக்கு அவ்வாறு விதி வகுப்பவரே வடிவமைப்பாளர். இன்று பெரிய நிறுவனங்களில் படம் வரைபவர், இசையமைப்பவர், நிரல் எழுதுபவர் எனத் தனித்தனியே பலர் உள்ளனர். தொடக்கக் காலத்திலோ பெரும்பாலும் ஒருவரே எல்லாவற்றையும் செய்தார்.

அப்படிச் செய்தவர்களுள் ஒருவர் கரோல் ஷா என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1955-இல் பிறந்த இவர், கலிபோர்னியா மாநிலத்தில் வளர்ந்தார். சிறு வயதில் பொம்மைகளை விட, மாதிரி ரயில் வண்டிகளே இவருக்குப் பிடித்திருந்தன. கணிதப் போட்டிகளில் பரிசு பெற்றபோது, 'பெண்ணாக இருந்தும் கணக்கு நன்றாக வருகிறதே' என்று சிலர் வியந்தார்களாம். அது இவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியல் பயின்று, 1978-இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு பெண் வந்துவிட்டதால், இனி ஒப்பனைக்கு நிறம் பொருத்துதல், வீட்டை அலங்கரித்தல் போன்ற விளையாட்டுகளை அவர் செய்யலாம் என்ற பொருளில் நிறுவனத் தலைவர் பேசினாராம். கரோல் ஷாவோ 64 கட்டங்கள் கொண்ட முப்பரிமாண விளையாட்டு ஒன்றை அமைத்துக் காட்டினார்!

பின்னர் ஆக்டிவிஷன் நிறுவனத்தில் இவர் அமைத்த 'ரிவர் ரெய்டு' 1982-இல் வெளிவந்தது. முதலில் விண்வெளி விளையாட்டாகவே எண்ணியிருந்தார். அத்தகையவை ஏற்கெனவே ஏராளம் என்று உடன் பணியாற்றியவர் கூறவே, கட்டம் போட்ட தாளில் ஓர் ஆற்றை வரைந்தார். ஆற்றின் மேல் விமானம் பறக்கும். எரிபொருள் குறைந்துகொண்டே வரும். எரிபொருள் நிலையத்தின் மேல் மெதுவாகப் பறந்தால் அதிகம் நிரப்பலாம். சுட்டு வீழ்த்தினால் மதிப்பெண் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது? ஆடுபவரை இவ்வாறு ஒரு நொடி சிந்திக்க வைப்பதுதான் வடிவமைப்பாளரின் திறமை.

இதில் நம்மை வியக்க வைப்பது வேறொன்று. அந்த விளையாட்டுப் பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் வேண்டும் என்றால், அதில் 128 எழுத்துகளே அடங்கும். முழு விளையாட்டும் 4,096 பைட்டுக்குள் முடிய வேண்டும். அவ்வளவு நீண்ட ஆற்றின் படத்தை எங்கே வைப்பது? கரோல் ஷா படத்தைச் சேமிக்கவே இல்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கணக்கிடும் விதி ஒன்றை எழுதி, அந்த எண்களைக் கொண்டு கரைகளை அமைத்தார். பதினாறாம் வாய்பாட்டை மனப்பாடம் செய்யாமல், பதினாறு பதினாறாகக் கூட்டிச் சொல்வது போன்றது இது. விதி ஒன்றே ஆதலால், ஒவ்வொரு முறையும் அதே ஆறு தோன்றும். 'கணக்கு எதற்குப் பயன்படும்?' என்று முணுமுணுக்கும் நமக்கு இது நல்ல பதில் அல்லவா?

இத்தொழிலில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. 1983-இல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வணிகம் பெரிதும் சரிந்தது. மறு ஆண்டு ஆக்டிவிஷனை விட்டு விலகிய கரோல் ஷா, முன்பு பணியாற்றிய கணிப்பொறி நிறுவனத்துக்கே திரும்பினார். கற்ற கல்வி அவரைக் கைவிடவில்லை. 2017-இல் 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் அவருக்குச் சிறப்பு விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டு, தம் விளையாட்டுகளையும் அச்சிட்ட நிரல்தாள்களையும் ராச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு அவர் அளித்தார்.

இத்துறையை விரும்பும் தோழியரே! விளையாடினால் மட்டும் போதாது. கணிதமும் அறிவியலும் தேவை. ஓவியமும் கதை சொல்லும் திறனும் துணை செய்யும். யாவற்றிலும் மேலாக, செய்ததை அழித்துவிட்டுத் திரும்பச் செய்யும் பொறுமை வேண்டும். பெற்றோரே! உங்கள் மகள் இத்தொழிலின் பெயரைச் சொன்னால், மறுக்குமுன் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

அன்று சிரித்த நாங்கள், எழுதியதை முதலில் அந்தத் தோழியிடமே கொடுத்தோம். அவள் படித்து முடித்துவிட்டு, "இப்போது சிரியுங்கள், பார்ப்போம்!" என்றாள். எங்களால் சிரிக்க முடியவில்லை.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு