தூண்டில்காரரின் தர்மம்

சென்ற கோடை விடுமுறையில் நாம் ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். ஒரு மாலை ஏரிக்கரையின் ஒதுக்குப்புறமான மூலையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, இருவர் தூண்டில் போடுவதைக் கண்டோம். ஒருவர் பட்டணத்துக் கனவான். கையில் விலையுயர்ந்த சீமைத் தூண்டில். மற்றவன் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க உள்ளூர்ப் பையன். அவனிடம் இருந்தது மூங்கில் கழியும் சிறிது நரம்பும்தான்.

கனவானின் முள்ளில் பெரிய கெண்டை ஒன்று சிக்கியது. வெகுநேரம் இழுத்தலைத்துக் கரை சேர்த்தார். தரையில் கிடத்தி அளந்தார்; மார்போடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார்; படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் எடுத்தார். பிறகு, "நாங்கள் கொல்வதில்லை, சார், விட்டுவிடுவோம்" என்று நம்மிடம் பெருமையுடன் சொல்லி, அதைத் தண்ணீரில் எறிந்தார். மீன் சிறிது தூரம் சென்றது. பின்னர் வயிறு மேலாக மிதந்தது. பையனோ மூன்று ஜிலேபிக் கெண்டைகளைச் சணலில் கோத்துக்கொண்டு, குழம்புக்காக வீட்டை நோக்கி நடந்தான்.

இவ்விருவரில் தர்மவான் யார்? விஷயம் அற்பமானதன்று. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியில் போய்க் கலக்கின்றன. அந்தக் காவிரியில்தான் இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரு மீன் வாழ்ந்து வருகிறது.

அதற்கு மஹசீர் என்று பெயர். கெண்டைக் குலத்தைச் சேர்ந்தது; காவிரிக்கே உரிய வகைக்கு முதுகில் காளையின் திமில் போன்ற மேடு உண்டு. 1873-ல் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு நூலே எழுதி, மஹசீருக்குப் பெரும் புகழ் தேடிக்கொடுத்தார். 1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் காவிரியின் துணை நதியான கபினியில் பிடித்த மஹசீர் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ, எடை இருந்தது. அக்காலத்தில் பெரிய மீனைக் கொன்று தொங்கவிட்டுப் படம் எடுப்பதே வீரம். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; ஆனால் வெடிச் சத்தம் ஆற்றில் ஓயவில்லை.

பிற்காலத்தில் கர்நாடகக் காவிரிக் கரையில், கலிபோரே முதலிய இடங்களில், தூண்டில்காரர்களுக்கென்று முகாம்கள் ஏற்பட்டன. பிடித்ததை எடை பார்த்து, எழுதிக்கொண்டு, திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே அங்கே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். 1998 முதல் 2012 வரை கலிபோரேயில் சுமார் 23,600 மணி நேரம் தூண்டில் போட்டு 6,161 மஹசீர்கள் பிடிக்கப்பட்டன என்று குறிப்பேடுகள் சொல்கின்றன.

அக்குறிப்பேடுகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது ஓர் அதிசயம் வெளிப்பட்டது. ஆற்றில் மீன்களின் தொகை பெருகியிருந்தது வாஸ்தவம். ஆனால் பெருகியவை வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத் துடுப்பு மஹசீர்கள்! நல்லெண்ணத்துடன் பண்ணையில் பொரித்து ஆற்றில் விட்ட குஞ்சுகளின் வம்சம் அது. காவிரிக்கே சொந்தமான திமில் மீனோ குறைந்துகொண்டே வந்தது. அதற்குத் திடமான சாஸ்திரப் பெயர்கூட 2018-ல்தான் உறுதிப்பட்டது: டார் ரெமாதேவி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் விஞ்ஞானி ரெமாதேவியைக் கௌரவிக்கும் பெயர் அது. அதே ஆண்டில் அம்மீன் அழிவின் விளிம்பில் நிற்பதாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீலகிரியை ஒட்டி ஓடும் மோயாறு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கருணை மட்டும் போதாது. கருணைக்குக் கண்ணும் வேண்டும். விட்டுவிட்டதனால் குறிப்பேடு கிடைத்தது; குறிப்பேட்டினால் உண்மை தெரிந்தது. அது புண்ணியமே. ஆனால் எந்த மீனை எந்த நீரில் விடுகிறோம் என்று அறியாமல் விட்டது தீங்காய் முடிந்தது.

காப்புக் காட்டுக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று கொள்ளப்பட்டு, 2012-க்குள் அம்முகாம்கள் மூடப்பட்டன. விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளை மாட்டுவது அஹிம்சை ஆகாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தூண்டில்காரர் போனால் ஆற்றைக் கண்காணிக்க ஆள் ஏது என்று கேட்பவர்கள் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

தூண்டில் போட்டே தீருவேன் என்பவருக்குச் சில கடமைகள் உண்டு. நம் ஆற்றுக்குச் சொந்தமான மீன் பெரிதாயிருந்தால் அதை விட்டுவிட வேண்டும். பெண் மீன் பெருக்கப் பெருக்க அதன் வயிற்றில் முட்டையும் பெருகும். எதிர்முள் இல்லாத தூண்டிலே போதும். களைத்துச் சாகும்வரை மீனை ஆட்டிவைக்கக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு, மீன் நீருக்குள் இருக்கும்போதே முள்ளைக் கழற்ற வேண்டும். மாறாக, ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற அந்நிய மீன் அகப்பட்டால் திரும்ப விடுவதுதான் பாவம். மேட்டூர் அணையில் வலை வீசிப் பிழைக்கும் ஏழைக்கு இந்த உபதேசத்தைச் செய்ய நமக்கு அதிகாரம் இல்லை, அவன் விளையாடவில்லை.

இவையெல்லாம் மேல்நாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை. சிருங்கேரியில் துங்கா நதிப் படித்துறையில் பெரிய மஹசீர்கள் அச்சமின்றி நீந்துகின்றன. பக்தர்கள் பொரி போடுகிறார்கள், தூண்டில் போடுவாரில்லை.

மறுநாள் காலை அந்தப் பையனை மறுபடியும் கண்டோம். முதல் நாள் சங்கதியைக் கேட்டோம். "செத்துப்போச்சுங்க, சார்," என்றான். "அவரு எடுத்துட்டுப் போயிருந்தாலாவது ஒரு வீட்டுக்கு ரெண்டு வேளைக் குழம்பு ஆகியிருக்குமுங்க!"

நாம் எவ்வளவு யோசித்தும் அதற்குப் பதில் அகப்படவில்லை.