மூலிகைப் பிளாஸ்திரிகளும் நமது அங்கத்தினர்களும்

மூலிகைப் பிளாஸ்திரி எனப்படும் ஒட்டுப்பட்டைகள் இப்பொழுது கடைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. தொப்புளின்மீது ஒட்டிக்கொண்டால் உடற்பருமன் கரையும் என்றும், இடுப்பிலோ முழங்காலிலோ ஒட்டிக்கொண்டால் வலி நீங்கும் என்றும் கூறி இவற்றை விற்கின்றனர். தறிக்குழியில் நாள் முழுதும் அமரும் நெசவாளரும், நாற்று நடவில் குனிந்து நிற்கும் பயிராளரும் இத்தகைய சொற்களுக்குச் செவி சாய்ப்பது இயல்பே. அணுபுரம், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரங்களில் உள்ள நமது சங்கங்கள் இவற்றைத் தமது பண்டசாலையில் வைத்து விற்கலாமா, அங்கத்தினர் கணக்கில் கடனாகக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்க நேரும்பொழுது, உண்மை நிலையை அறிந்திருத்தல் அவசியம்.

தோலின் இயல்பு

நமது தோலின் மேற்பரப்பில் உயிரற்ற அணுக்களாலான மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதன் பருமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு முதல் ஐம்பதிலொரு பங்கு வரைதான். அதாவது, ஏறக்குறைய ஒரு தனிப் பஞ்சிழையின் பருமன். ஆயினும், செங்கல் அடுக்கி இடையே சாந்து பூசிய சுவர்போல், அணுக்களுக்கிடையே கொழுப்புப் பொருள் நிரம்பியிருப்பதால், பெரும்பாலான பொருள்களை அது உள்ளே விடுவதில்லை. மிகச் சிறிய மூலக்கூறுகளாகவும் கொழுப்பில் கரைவனவாகவும் உள்ள பொருள்களே கடந்து செல்லும்; அவையும் சிறிதளவே செல்லும்.

பூச்சிமருந்து தெளிக்கும் பயிராளர் இதனை அறிவர். சில நச்சு மருந்துகள் தோல் வழியே உடலில் ஏறி மயக்கம் உண்டாக்குவது, அவை சிறிதளவிலேயே கொடிய ஆற்றல் உடையனவாதலால் அன்றோ? மருத்துவர்கள் கையாளும் பிளாஸ்திரிகளும் இதே நியதிக்கு உட்பட்டவை. பயண வாந்தியைத் தடுக்க 1979இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட பிளாஸ்திரி மூன்று நாட்களில் உடலுக்குள் செலுத்தும் மருந்து ஏறக்குறைய ஒரு மில்லிகிராமே. புகைப்பழக்கத்தை விடுவதற்கான நிகோடின் பிளாஸ்திரிகளில் வழக்கமான உயர்ந்த அளவு, நாளொன்றுக்கு 21 மில்லிகிராம். ஆகவே எந்தப் பிளாஸ்திரியைக் கண்டாலும், உள்ளிருக்கும் பொருள் யாது, அது எவ்வளவு உட்செல்லும் என்னும் இரு கேள்விகளை முதலில் கேட்டல் வேண்டும். அணுபுரத்திலிருந்து கல்பாக்கத்து அணு நிலையங்களுக்குச் செல்லும் பணியாளர் மார்பில் அணியும் சிறு பட்டை, அவர்மீது பட்ட கதிரியக்கத்தைக் கணக்கிடவே அமைந்தது. ஒரு பொருள் உடலை என்ன செய்யும் என்பதை அளவின்றிக் கூற இயலாது.

உடற்பருமன் கரையுமா?

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியுள்ளது. பத்து நாட்களில் ஐந்து கிலோ குறையும் என்று ஒருவர் சொன்னால், அதன் பொருள், நாள்தோறும் 3,850 கலோரி மிகுதியாகச் செலவாக வேண்டும் என்பதாகும். கடின உழைப்பாளி ஒருவர் நாள் முழுதும் உண்ணும் உணவிலும் பலருக்கு இவ்வளவு இராது. வயிற்றில் ஒட்டிய ஒரு பட்டை இதனைச் செய்ய வழியில்லை.

இத்தகைய சரக்குகளில் அடிக்கடி பேசப்படும் மூலிகை குடம்புளி. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியினர் மீன்குழம்பில் இடும் அதே புளிதான். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வொன்றில், 135 பேரில் ஒரு சாராருக்கு நாள்தோறும் குடம்புளிச் சத்து 1,500 மில்லிகிராம் வாய்வழியே கொடுக்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் எடைக் குறைவில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வாய்வழியே இவ்வளவு கொடுத்தும் நிகழாதது, தோல்வழியே ஒருசில மில்லிகிராம் சென்று நிகழும் என நம்ப இடமில்லை. உடலில் அணிவதாலோ தோலில் தேய்ப்பதாலோ எடை பெருமளவு குறையும் என்பது, பத்திரிகைகள் ஏற்கத்தகாத பொய் விளம்பர வாசகங்களில் ஒன்றென அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2003இலேயே அறிவித்தது.

பாதத்தில் ஒட்டும் பட்டை காலையில் கறுத்திருப்பதைக் காட்டி, உடலின் நச்சுநீர் வெளியேறிவிட்டது என்பாரும் உளர். அப்பட்டைகளில் சேர்க்கும் மரக்காடிப் பொடி ஈரம் பட்டால் கறுக்கும். ஒட்டாத புதுப் பட்டையில் சிறிது வெந்நீர் தெளித்து எவரும் இதனைச் சோதித்தறியலாம். இத்தகைய பட்டைகளை விற்றோர்மீது மேற்சொன்ன ஆணையம் 2009இல் வழக்குத் தொடுத்தது.

வலி தணியுமா?

வலியின் செய்தி வேறு. வலியை உணரும் நரம்பு நுனிகள் தோலிலேயே உள்ளமையால், மருந்து ஆழமாகச் செல்ல வேண்டுவதில்லை. பச்சைக் கற்பூரம், புதினாவிலிருந்து எடுக்கும் மென்தால், விண்டர்கிரீன் தைலத்தின் சத்து ஆகியவை தோலில் குளிர்ச்சியோ வெம்மையோ உண்டாக்கி வலியுணர்வைத் தணிக்கின்றன. மென்தாலும் விண்டர்கிரீன் சத்தும் சேர்ந்த பிளாஸ்திரி ஒன்றை, தசைவலிக்கும் மூட்டுவலிக்கும் 2008இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஆய்ந்து அனுமதித்தது. நமது மிளகாயின் காரச்சத்தை எட்டு விழுக்காடு கொண்ட பிளாஸ்திரி, அக்கிக்குப் பின் நீடிக்கும் நரம்புவலிக்கு 2009இல் அனுமதி பெற்றது. அதனை மருத்துவ மேற்பார்வையில்தான் ஒட்டுவர். சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருந்துகளில் பற்றும் ஒத்தடமும் இடம்பெற்றிருப்பதும் நாம் அறிந்ததே.

ஆயினும் இவை வலியைத் தணிப்பன. தேய்ந்த மூட்டை வளர்ப்பன அல்ல. சாதாரண இடுப்புவலி சில வாரங்களில் தானே குறைவதுண்டு. அவ்வேளையில் ஒட்டியிருந்த பட்டைக்கே புகழ் முழுவதும் சேர்ந்துவிடுகிறது. பிளாஸ்திரியின்மீது வெந்நீர்ப் பை வைத்தலாகாது. புண், தடிப்பு உள்ள இடத்தில் ஒட்டலாகாது. அரிப்போ எரிச்சலோ மிகுந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டே ஒட்டவேண்டும்.

இன்னுமொன்றை வற்புறுத்திக் கூறுகிறோம். நெஞ்சில் அழுத்தமாக எழுந்து இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலியைத் தசைப்பிடிப்பு என்று கருதிப் பிளாஸ்திரி ஒட்டிக் காத்திருத்தல் உயிருக்கே கேடாம். இடுப்புவலியோடு கால் மரத்துப்போதலும் சிறுநீர் கட்டுப்படாமையும் சேர்ந்தால் அதுவும் அவ்வாறே. காலந்தாழ்த்தாது செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்திற்குச் செல்லவேண்டும். நீரிழிவுடையோர் பட்டையை நம்பி மாத்திரையை நிறுத்துதலும் ஆகாது. நாட்டு மருத்துவத்தில் நாட்டமுடையோருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

சங்கங்களின் கடமை

உடற்பருமனை நீக்குவதாக மருந்தை விளம்பரப்படுத்துவது, மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954இன்படி தடை செய்யப்பட்டதாகும். சங்கத்தின் சுவரில் அத்தகைய விளம்பரத்தை ஒட்ட அனுமதிப்பதும் தவறேயாம்.

ஆகவே நிர்வாகக் குழுவினர் கீழ்க்கண்டவாறு நடந்துகொள்வது நலம். எடை குறைக்கும் பிளாஸ்திரி எதனையும், எத்துணைக் கழிவு கிடைப்பினும், பண்டசாலையில் ஏற்கலாகாது. வலிப் பிளாஸ்திரியை ஏற்பதாயின், உறையில் உட்பொருள்களின் பெயரும் அளவும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். அவற்றையும் ரொக்கத்திற்கே விற்க வேண்டும். கடன் கணக்கில் எழுதலாகாது. ஏமாற்றப்பட்ட அங்கத்தினர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடச் சங்கச் செயலாளர் துணைபுரிதல் வேண்டும்.

1904ஆம் ஆண்டில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் நமது மாநிலத்தின் முதல் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. உழைப்பாளியின் கைப்பொருள் வீணே வட்டிக்கடைக்குப் போகாதிருக்கும்பொருட்டே அக்காலத்துச் சங்கங்கள் எழுந்தன. இன்று அப்பொருள் பயனற்ற பட்டைக்குப் போகாதிருக்கும்படி காப்பதும் அச்சங்கங்களின் வழிவந்த நமக்கு உரிய பணியேயாகும்.