ஏலக் கார் மலிவுதான். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தீங்களா?

சென்னையில் குடும்பத்துக்கு ஒரு பழைய கார் வாங்க நினைப்பவர்கள் ஏலத்தை மொய்க்கிறார்கள். தவணை கட்டாததால் பாங்கிகள் பறிமுதல் செய்த வண்டிகள். டீலர் கடையைவிட விலை மலிவு. மனைவி நகையை அடகு வைத்து டெபாசிட் கட்டுகிறவர்களும் உண்டு.

ஆனால் ஏல நிபந்தனையில் ஒரு வரி இருக்கும்: "உள்ளது உள்ளபடி". பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். எடுத்த பிறகு என்ஜின் மக்கர் செய்தால் உங்கள் பாடு! மீதிப் பணத்தைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் டெபாசிட்டும் அம்பேல். பழைய அபராதம், வரி பாக்கியையும் எடுத்தவர் தலையில் கட்டுவதுண்டு.

2015-லும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிகள் கழித்துக்கட்டும் அத்தகைய வண்டிகளும் ஏலத்துக்கு வருகின்றன. கழுவித் துடைத்தால் பளபளக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்க. சேற்றுக் கறை காட்டிக் கொடுத்துவிடும்!

அதற்காக டீலர் எல்லாம் அரிச்சந்திரன் இல்லை. மீட்டரைத் திருப்பி வைக்கும் கில்லாடிகள் அங்கேயும் இருக்காங்க. ஆனாலும் மெக்கானிக்கை அழைத்துப் போய் ஓட்டிப் பார்க்கலாம், பேரம் பேசலாம். தகராறு என்றால் போய் நிற்க ஒரு கடை வாசலாவது இருக்கு. பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்க. ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு இருந்தால், பாங்கியின் தடையில்லாக் கடிதமும் 35-ம் நம்பர் பாரமும் கைக்கு வந்த பிறகே பணத்தை எண்ணுங்க.