நிறுவனங்களுக்கு ஏன் இந்த அக்கறை?

'நீடித்த மேம்பாடு' என்னும் சொற்றொடர் இன்று பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. இலாபம் ஈட்டத் தொடங்கப்பட்ட நிறுவனம் காட்டைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் தொழிலாளர் நலனைப் பற்றியும் பேசுவது ஏன்? இது உண்மையான அக்கறையா, வெறும் விளம்பரமா? நமக்கு நன்கு அறிமுகமான செம்பனைத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும்போது வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடாது. இதுவே நீடித்த மேம்பாட்டின் பொருள். நார்வே நாட்டின் புருண்ட்லண்ட் அம்மையார் தலைமையிலான ஆணையம் 1987இல் வெளியிட்ட அறிக்கை இவ்விளக்கத்தை உலகறியச் செய்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமுதாயம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே மேம்பாடு. ஒன்றை விட்டு மற்றொன்று இல்லை.

சட்டத்தின் கட்டாயம்

நிறுவனங்களை இந்தப் பாதைக்குக் கொண்டுவந்த முதல் காரணம் சட்டம். 1970களில் மலேசியாவில் செம்பனை ஆலைகள் பெருகியபோது, அவற்றின் கழிவுநீர் ஆறுகளைப் பாழாக்கியது. மீன்கள் மடிந்தன. ஆற்றை நம்பி வாழ்ந்த கிராம மக்கள் அவதியுற்றனர். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், செம்பனை ஆலைகளுக்கென்றே 1977இல் தனி விதிமுறைகள் கொண்டுவரப்பட்டன.

கழிவுநீரிலுள்ள அழுகும் பொருள்கள் ஆற்றுநீரின் உயிர்வாயுவை எந்த அளவுக்கு உறிஞ்சும் என்பதே அவ்விதிகளின் அளவுகோல். தொடக்கத்தில் ஒரு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டது. அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984இல் 100 மில்லிகிராம் ஆனது. மாசு கூடினால் உரிமக் கட்டணமும் கூடியது. ஆலைகள் குளங்கள் வெட்டிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கற்றுக்கொண்டன. அக்குளங்களிலிருந்து எழும் மீத்தேன் வாயு பூமியின் வெப்பத்தைக் கூட்டக்கூடியது. பின்னாளில் அதையே பிடித்து மின்சாரம் தயாரிக்கும் ஆலைகளும் தோன்றின. செலவாகத் தொடங்கியது வரவாகவும் மாறியது.

சொந்த நன்மை

இரண்டாவது காரணம், நிறுவனத்தின் சொந்த நன்மை. ஒரு செம்பனை மரம் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பயன் தரும். பிறகு அதைச் சாய்த்து மறுநடவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் சாய்த்த மரங்களைத் தீயிட்டுக் கொளுத்துவது வழக்கம். கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் அதைக் கைவிட்டு, மரங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி மண்ணிலேயே மக்கவிடும் முறையைக் கையாண்டது. புகை இல்லை. எரிப்பதற்காக வெயில் காலம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மக்கிய மரம் உரமாவதால் உரச் செலவும் குறைந்தது. இம்முறைக்காக 1992இல் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டத்தின் விருது அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதுபோலவே எலித்தொல்லைக்கு நஞ்சு வைப்பதைக் குறைத்து, கூண்டு அமைத்து ஆந்தைகளை வளர்க்கும் தோட்டங்களும் நம் நாட்டில் உள்ளன.

வாங்குபவரின் வலிமை

மூன்றாவது காரணம் சந்தை. காடுகள் அழிவதைக் கண்டு ஐரோப்பியப் பயனீட்டாளர்கள் குரல் எழுப்பினர். அதன் விளைவாக 2004இல் ஆர்.எஸ்.பி.ஓ. எனப்படும் நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு உருவானது. தோட்ட நிறுவனங்கள், எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள், வங்கிகள், அரசு சாரா இயக்கங்கள் ஆகியவை அதில் உறுப்பியம் பெற்றுள்ளன. அதன் சான்றிதழ் வெறும் காகிதமல்ல என்பது 2016இல் தெரிந்தது. இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் உள்ள தோட்டங்கள் குறித்த புகாரின்பேரில் ஐ.ஓ.ஐ. குழுமத்தின் சான்றிதழ் இடைநிறுத்தப்பட்டது. உடனே யூனிலீவர் போன்ற பெரிய நிறுவனங்கள் அதனிடம் வாங்குவதை நிறுத்தின. குறைகளைச் சரிசெய்ய முன்வந்த பிறகே, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தடை நீங்கியது. நம் அரசாங்கமும் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழை 2020 முதல் கட்டாயமாக்கியது.

மரம் மட்டுமா?

தொழிலாளரை மறந்துவிட்டு மரத்தை மட்டும் காப்பது மேம்பாடாகாது. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு பற்றிய புகாரின் அடிப்படையில் சைம் டார்பி தோட்ட நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்குத் தடை விதித்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு வருவதற்காகக் கொடுத்த கட்டணத்தை நிறுவனம் அவர்களுக்குத் திருப்பித் தந்தது. நடைமுறைகளையும் மாற்றியது. 2023இல்தான் தடை விலகியது. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. மரத்துக்கு உரம் தவறாமல் கிடைத்த காலத்திலும், தொழிலாளியின் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடைக்காத தோட்டங்கள் இருந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய நிறுவனத்துக்குச் சான்றிதழ்ச் செலவு ஒரு சுமையல்ல. சில ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரருக்கோ, கணக்கு எழுதுவதும் ஆய்வுக்குத் தயாராவதும் பெரும் சிரமம். அவருக்குக் கைகொடுக்காமல் விதிகளை மட்டும் கடுமையாக்கினால், அவர் சந்தையிலிருந்தே ஒதுக்கப்படுவார்.

ஆக, அக்கறையா விளம்பரமா என்ற கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். நிறுவனங்களில் நல்ல மனம் கொண்டோர் உண்டு. ஆனால் சட்டமும் சந்தையும் மக்களின் கவனமும் சேரும்போதுதான் அந்த நல்ல மனம் செயலாகிறது. கவனிப்பார் இல்லாத இடத்தில் ஆண்டறிக்கை வெறும் அலங்காரமாகிவிடும். அடுத்த முறை எண்ணெய்ப் பொட்டலமோ சவர்க்காரமோ வாங்கும்போது அதிலுள்ள சான்றிதழ் முத்திரையைச் சற்றுப் பாருங்கள். அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கேட்கும் பயனீட்டாளர் இருக்கும்வரை நிறுவனங்களும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.