களஞ்சியமில்லாத கோட்டை

செஞ்சிக்குச் செல்வோர் பெரும்பாலும் இராஜகிரியின் உச்சியை நோக்கியே விரைவர். தேசிங்குராஜன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது இயல்புதான். அண்மையில் நான் சென்றிருந்தபோது வெயிலும் வயதும் சேர்ந்து என்னை மலையடிவாரத்திலேயே நிறுத்திவிட்டன. ஆகவே, அங்குள்ள நெற்களஞ்சியத்தின் நிழலில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். தடித்த சுவர்களும் வளைந்த கூரையுமாக நிற்கும் அக்கட்டடம், அரண்மனையைக் காட்டிலும் எனக்கு அதிகமாகப் பேசியது.

1690-ஆம் ஆண்டில் மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் இக்கோட்டையை முற்றுகையிட்டான். அது அவன் கைக்கு வந்தது 1698-இல். இடையே ஒரு விந்தை நிகழ்ந்தது. 1692-இன் இறுதியில் மராத்தியத் தலைவர்களான சாந்தாஜியும் தனாஜியும், முற்றுகையிட்டோரையே சூழ்ந்துகொண்டு தானியம் வரும் வழியை அடைத்துவிட்டனர். பஞ்சம் பிடித்தது கோட்டையையன்று. வெளியே இருந்த பாளையத்தை! சுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. களஞ்சியம் உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நம் உடலும் ஒரு கோட்டைதான். அதில் களஞ்சியங்கள் உண்டா? உண்டு. உண்ட சோற்றின் சர்க்கரையில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் பொருளாகக் கல்லீரலில் தங்குகிறது. அது ஏறத்தாழ ஒரு நாளைக்குக் காணும். கொழுப்போ தோலின் கீழும் வயிற்றிலும் வாரக்கணக்கிற்குச் சேர்ந்து கிடக்கிறது. சிலருக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே! ஆனால் புரதத்திற்கு மட்டும் களஞ்சியம் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வொன்றையே.

பருப்பாயினும் முட்டையாயினும், நாம் உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைகிறது. சுவரைப் பிரித்துக் கற்களாக்குவது போன்ற வேலை அது. அக்கற்கள் இருபது வகை. அவற்றைக்கொண்டே உடல் தன் தசையையும், குருதியின் செந்நிறப் பொருளையும், தலைமயிரையும், நகத்தையும் கட்டிக்கொள்கிறது. 51 கற்களே கொண்ட இன்சுலின் சிறு கட்டடம். டைரோசின் என்னும் ஒரே கல்லைச் செதுக்கி, அச்சம் வரும்போது நெஞ்சைப் படபடக்கச் செய்யும் அட்ரினலினை உண்டாக்குகிறது. இவ்வேலை ஒருநாளும் ஓய்வதில்லை. வளர்ந்த மனிதனின் உடலில் நாள்தோறும் கால் கிலோவுக்கும் மேற்பட்ட புரதம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. இடித்த கற்களுட் பெரும்பாலானவை மீண்டும் பயன்படும், சில சேதமாகும். அச்சேதத்தை உணவு ஈடுசெய்ய வேண்டும்.

செடிகள் இருபது கற்களையும் தாமே செய்துகொள்கின்றன. கோட்டையைச் சுற்றிலும் விளையும் வேர்க்கடலையை இப்பக்கத்தார் மல்லாட்டை என்பர். அச்செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு அளிக்கின்றன. நமக்கு அத்திறன் இல்லை. ஒன்பது வகைக் கற்களை நம் உடலால் செய்யவே இயலாது. உணவில் வந்தாக வேண்டும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும், மற்றவை குவிந்திருந்தும் கட்டடம் பாதியில் நின்றுவிடும்.

நின்றால் மிச்சக் கற்கள் என்னாகும்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை வயிறார உண்டுவிட்டு, வாரம் முழுவதும் அதன் வலிமை உடம்பில் நிற்கும் என்று நம்புவோர் நம்மில் பலர். அந்தோ, நிற்பதில்லை! வேலைக்கு மிஞ்சிய அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜன் கழற்றப்படுகிறது. எஞ்சிய பகுதி அடுப்புக்கு விறகாகும், அல்லது கொழுப்பாகும். கழற்றிய நைட்ரஜன் அம்மோனியாவாக மாறும், அதுவோ நஞ்சு. அதைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இந்தச் சுழற்சியை 1932-இல் ஜெர்மனியில் கிரெப்ஸ், ஹென்சலைட் என்னும் இருவர் கண்டறிந்தனர்.

நான் அமர்ந்திருந்த சுவரில் புறாக்களின் எச்சம் வெண்மையாய் வழிந்திருந்தது. அவ்வெண்மையும் இதே கணக்குத்தான். பறவைகளும் பல்லிகளும் நைட்ரஜனை யூரிக் அமிலமாக்கி, நீரைச் சிக்கனம் செய்கின்றன. குளத்துத் தலைப்பிரட்டையோ அம்மோனியாவை அப்படியே நீரில் விட்டுவிடும்; தவளையாகிக் கரையேறிய பின்னரே யூரியா செய்யக் கற்கிறது.

இனி, உணவு வராத நாளை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளில் கிளைக்கோஜன் தீர்ந்துவிடும். மூளைக்குச் சர்க்கரை வேண்டும். கொழுப்பிலிருந்து அதைப் போதிய அளவு செய்ய உடலுக்கு வழியில்லை. களஞ்சியம் இல்லாத கோட்டை அப்போது தன் மதிலையே இடிக்கத் தொடங்குகிறது. தசைப் புரதம், பட்டினியின் முதல் நாட்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கிராம் அளவில் கரைகிறது. பின்னர்க் கொழுப்பிலிருந்து பிறக்கும் கீட்டோன் பொருள்களை மூளை ஏற்கப் பழகுவதால் இடிப்பு மெதுவாகிறது, ஆயினும் நிற்பதில்லை. மூச்சிழுக்கும் தசையும் அந்த மதிலில் ஒரு பகுதியே.

பட்டினி கிடந்தால்தான் இந்நிலை என்று எண்ண வேண்டா. அன்று மாலை, களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த தாய் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். அருகே இரண்டு வயதுப் பையன். கை கால்கள் மெலிந்து, மயிர் பழுத்து, ஓடியாடாமல் உட்கார்ந்திருந்தான்.

"வயிறு முட்டக் கஞ்சி குடிக்கிறான் ஐயா, உடம்புதான் தேற மாட்டேங்குது" என்றாள்.

"பால் குடியை மறந்துவிட்டானா?"

"அடுத்தது பிறந்ததும் நிறுத்திட்டேன் ஐயா."

1930-களில் மேற்கு ஆப்பிரிக்காவில், அடுத்த பிள்ளை பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்டு, மாவுக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளின் வீக்க நோயை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் விவரித்தார். அதற்குப் புரதக் குறைவு ஒன்றே காரணமன்று, தொற்றுநோயும் பிறவும் சேரும் என்று இன்று அறிவோம். இப்பையனுக்கு வீக்கம் இல்லை. ஆயினும் அவன் குடித்த கஞ்சியில் விறகு இருந்தது, கல் போதவில்லை. அரிசியில் லைசின் என்னும் கல் குறைவு. துவரையிலும் உளுந்திலும் பயற்றிலும் அது மிகுதி. அவற்றில் குறையும் மெத்தியோனினை அரிசி தருகிறது. நம் பாட்டிமார் பொங்கலிலும் இட்லியிலும் இரண்டையும் சேர்த்தது எந்தச் சோதனைச் சாலையைக் கேட்டு? ஒரே வேளையில் சேராவிடினும் அன்றைய நாளுக்குள் சேர்ந்தால் போதும். மறுவாரத்திற்கு ஒத்திவைக்கத்தான் இடமில்லை.

அவள் மடியில் கிடந்த மல்லாட்டையைக் காட்டினேன். நூற்றுக்குக் கால் பங்கு புரதம் அதில் உண்டு. லைசின் அதிலும் குறைவுதான். ஆயினும் பயற்றோடும் பருப்போடும் சேர்ந்தால் நல்ல உணவு. பூஞ்சை பிடித்ததை மட்டும் ஒதுக்க வேண்டும். அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம்.

"முதலில் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடு அம்மா. பிறகு கஞ்சியில் தினமும் ஒரு பிடி பாசிப்பயற்றை வேகவைத்துக் கடைந்து ஊற்று, முடிந்தால் முட்டை. மல்லாட்டையை வறுத்துப் பொடித்துப் போடு, முழுதாய்க் கொடுத்தால் புரையேறும்" என்றேன்.

அவள் சிறிது யோசித்தாள். "இது மண்டிக்குப் போறதாச்சே ஐயா" என்றாள். பிறகு ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியே முந்தானையில் முடிந்துகொண்டாள்.