பெயர்ப்பட்டியல் யார் கையில்?

இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்குப் பெயர்ப்பட்டியலின் பலத்தை எவரும் விளக்கத் தேவையில்லை. நிவாரண அட்டைக்கு ஒரு பட்டியல், வீட்டுத்திட்டத்துக்கு ஒரு பட்டியல், காணி விடுவிப்புக்கு இன்னொரு பட்டியல். அதை வைத்திருப்பவரின் முகம் பார்த்து வெயிலில் நின்றவர்கள் எம் மக்கள். விளையாட்டு அணியிலும் இதே கதைதான். யார் ஆடுவது, யார் வீட்டுக்குப் போவது என்று தீர்மானிப்பவரின் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் காட்டி ஒருவர் ஒரு பெண்ணிடம் தகாததைக் கேட்டால் அவள் யாரிடம் போவாள்? அவள் வாய் திறந்தால் ஊர் என்ன சொல்லும்?

எமது நாட்டில் நடந்தது

2014ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் இலங்கைப் பெண்கள் கிரிக்கெட் அணி பற்றி ஒரு செய்தி வெளியானது. அதிகாரி ஒருவரின் பாலியல் விருப்பத்துக்கு இணங்க மறுத்ததால் வீராங்கனை ஒருவர் அணியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதே அந்தச் செய்தி. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் நிமல் திசாநாயக்கவின் தலைமையில் மூவர் கொண்ட விசாரணைக் குழுவை விளையாட்டு அமைச்சு நியமித்தது. அணி முகாமையைச் சேர்ந்த சிலர் பாலியல் தொந்தரவுக்குச் சமமான செயல்களில் ஈடுபட்டதற்குச் சான்று இருப்பதாக 2015 மே மாதத்தில் அமைச்சு அறிவித்தது. அந்த அறிவித்தலில் எவருடைய பெயரும் சொல்லப்படவில்லை.

ஆண்கள் அணி ஓர் ஆட்டத்தில் தோற்றால் தேநீர்க்கடைகளெல்லாம் நீதிமன்றமாகிவிடும் நாடு இது. ஆனால் இந்தப் பிள்ளைகளின் விடயம் சில நாட்கள் செய்தியாக இருந்து ஓய்ந்துபோனது. "பொம்பிளைப் பிள்ளையளை ஏன் உந்த விளையாட்டுக்கெல்லாம் விடவேணும்?" என்று கேட்டவர்களும் எம்மிடையே இருந்தார்கள். கேள்வி பட்டியல் வைத்திருந்தவரை நோக்கிப் போகவில்லை. பிள்ளையின் பெற்றோரை நோக்கிப் போனது.

விவசாயிகள் எழுந்து நின்றபோது

இந்தியாவில் 2023ஆம் ஆண்டு வேறொரு காட்சியைக் கண்டோம். அந்நாட்டு மல்யுத்தச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங், ஆளும் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினரும்கூட. அவர் வீராங்கனைகளுக்குப் பாலியல் தொந்தரவு கொடுத்தார் என்று குற்றஞ்சாட்டி, ஜனவரி 18ஆம் திகதி வினேஷ் போகாட், சாக்ஷி மலிக், பஜ்ரங் புனியா முதலியோர் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். சாக்ஷி, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை. அத்தகையவரின் பேச்சே உடனே ஏறவில்லை என்றால், பெயர் தெரியாத பிள்ளையின் நிலை என்ன?

ஏப்ரல் 23இல் அவர்கள் மீண்டும் வீதிக்கு வந்தார்கள். விடயம் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே, ஏப்ரல் 28இல் டெல்லிப் பொலிஸார் வழக்குப் பதிவு செய்தனர். போராட்டம் நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்று ஒலிம்பிக் சங்கத் தலைவி பி. ரி. உஷா சொன்னார், பின்னர் அவரே போராட்டக்காரரை நேரில் சென்று பார்த்தார். இது வெறும் அரசியல் என்றார்கள் சிலர். தலைவருக்கு ஆதரவாகத் திரண்டவர்களும் உண்டு.

ஆனால் ஹரியானா, உத்தரப் பிரதேசக் கிராமங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகளும் விவசாயச் சங்கங்களும் பெண்களின் பக்கம் நின்றன. பஞ்சாபிலிருந்து விவசாயப் பெண்கள் கூட்டமாக வந்து அவர்களோடு அமர்ந்தார்கள். மே 28இல் பொலிஸார் வீரர்களை இழுத்துச் சென்றார்கள். மனமுடைந்த அவர்கள் மே 30இல் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்துவார் போனார்கள். அங்கே அவர்களைத் தடுத்துப் பதக்கங்களை வாங்கி வைத்து, ஐந்து நாள் அவகாசம் கேட்டவர் விவசாயத் தலைவர் நரேஷ் திக்காயத். பெண்களை அடக்கி வைப்பவை என்று பெயரெடுத்த ஊர்ப் பஞ்சாயத்துகளே "இவர்கள் எங்கள் பிள்ளைகள்" என்ற நிலைப்பாட்டுக்கு வந்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஜூன் 15இல் பொலிஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். 2024 மே மாதத்தில் நீதிமன்றம் அவர்மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. அவர் அவற்றை மறுத்தார். வயது குறைந்த ஒருவர் தொடர்பான தனி வழக்கு, முறைப்பாட்டாளர் தரப்பு நிலை மாறியதால் 2025 மே மாதத்தில் முடித்து வைக்கப்பட்டது. வினேஷும் பஜ்ரங்கும் 2024இல் காங்கிரஸ் கட்சியில் சேர்ந்தார்கள். தலைவரின் மகன் அதே ஆண்டில் தந்தையின் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். எல்லாம் நேர்கோட்டில் முடியவில்லை. என்றாலும் முறைப்பாடு விசாரணைக்கு வந்து சேர்ந்தது. கூட நிற்க ஆட்கள் இருந்தபடியால்தான் வந்து சேர்ந்தது.

எங்கள் பிள்ளைகள்

வத்தளையைக் கடந்து கட்டுநாயக்க நோக்கிப் போகும் பேருந்துகளில் வடக்கு, கிழக்கு, மலையகப் பிள்ளைகள் தினமும் வேலைக்குப் போகிறார்கள். காணி இழந்த குடும்பத்துக்கு அந்தப் பிள்ளையின் சம்பளமே வயல், அதுவே விளைச்சல். மேலதிக நேர வேலைக்கும் லீவுக்கும் பெயர் எழுதுபவர் மேற்பார்வையாளர். அவர் எல்லை மீறினால் பிள்ளை வீட்டுக்குச் சொல்லத் தயங்குகிறாள். சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்: "வேலையை விட்டிட்டு வா. வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லாதை."

பாசத்தால் வரும் பேச்சுத்தான் இது. ஆனால் இதனால் வேலை இழப்பவள் அவள். பட்டியல் அதே கையில் இருக்கிறது. அடுத்த பிள்ளை அதே மேசைக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

கேள்விப்பட்டதையெல்லாம் உண்மை என்று பரப்பும்படி நாம் சொல்லவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. பிள்ளையின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, திகதி, இடம், கண்டவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்து, முறைப்பாடு செய்யும் இடத்துக்குக் கூடப் போவது எங்கள் வேலை.

சட்டம் எம் பக்கம் உண்டு. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி, பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவரின் சொல்லும் செயலும் அதற்குள் அடங்கும். அரச உத்தியோகத்தர் ஒருவர் தன் கடமையைச் செய்வதற்குப் பாலியல் சலுகை கேட்டால் அது இலஞ்சம் என்று 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் சொல்கிறது. இலஞ்ச ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இந்த இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

மாதர் சங்கத்தில் கலந்து பேச

1. எங்கள் ஊரில் எந்தெந்தப் பட்டியல் யார் யார் கையில் இருக்கிறது?

2. ஒரு பிள்ளை முறைப்பாட்டோடு வந்தால் எங்கள் வாயில் வரும் முதற் கேள்வி என்ன? அது யாரை நோக்கிய கேள்வி?

3. அவளோடு பொலிஸ் நிலையத்துக்குப் போகக்கூடிய இருவரை இன்றே தெரிவு செய்ய முடியுமா?